கிண்ணத்தில் ஏற்றிய நெருப்பு

பம்ப் ஸ்டவ் இருந்த வீடுகளில் விடியற்காலை ஒரு சடங்கோடுதான் தொடங்கும். பர்னரின் கழுத்தைச் சுற்றி ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணம் இருக்கும். அதில் கொஞ்சம் ஸ்பிரிட்டோ மண்ணெண்ணெயோ ஊற்றிப் பற்றவைப்பார்கள். மஞ்சளாகப் புகைந்து எரிந்து அது அணையப் போகும் நேரம் பார்த்து, காற்றுத் திருகை இறுக்கிப் பம்ப் அடிப்பார்கள். உஸ்ஸென்ற இரைச்சலோடு நீலச் சுவாலை வட்டமாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு சாதம், குழம்பு, பால் என்று எத்தனை பாத்திரம் ஏறி இறங்கினாலும் அந்தக் கிண்ணத்தின் நினைவு யாருக்கும் வராது.

அவசரப்பட்டுக் கிண்ணம் எரிந்து முடிவதற்குள் பம்ப் அடித்தவர்களுக்கு வேறோர் அனுபவம் உண்டு. மண்ணெண்ணெய் திரவமாகவே பீய்ச்சியடிக்கும். மஞ்சள் தீ முழ உயரத்துக்கு எழும், சுவரெல்லாம் கரி படியும். கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் வாடகைக்கு வந்த பெட்ரோமாக்ஸ் விளக்குக்கும் இதே குணம்தான். அதைக் கொளுத்தத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவரோ இருவரோதான் இருந்தார்கள்.

யோசித்தால் வியப்பாக இருக்கிறது. எரிவதற்கென்றே செய்யப்பட்ட கருவி அது. உள்ளே எண்ணெய் இருக்கிறது, கையில் தீக்குச்சி இருக்கிறது. அதை எரியவைக்க இன்னொரு நெருப்பு எதற்கு?

இதே கேள்வியின் பெரிய வடிவம் அவ்வப்போது செய்தித்தாளில் வரும். சில நிமிட மின்தடையால் ஒரு சுத்திகரிப்பு ஆலையோ உர ஆலையோ நின்றுபோகும். மின்சாரம் உடனே திரும்பிவிடும். ஆலை மட்டும் முழு உற்பத்திக்கு வரச் சில நாட்கள் ஆகும் என்று நிர்வாகம் அறிவிக்கும். மின்விசிறி சுவிட்சைப் போட்டதும் சுற்றுகிறது. ஆலை ஏன் அப்படிச் சுற்றுவதில்லை?

தன் சூட்டில் தான் எரிவது

ஸ்டவ்விலிருந்தே தொடங்கலாம். திரவ மண்ணெண்ணெய் நீலமாக எரியாது. அது முதலில் ஆவியாக வேண்டும், ஆவி காற்றோடு கலக்க வேண்டும். ஸ்வீடனின் ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் 1892இல் உருவாக்கிய பிரைமஸ் அடுப்பு, எல்லாப் பம்ப் ஸ்டவ்களுக்கும் முன்னோடி. அதில் எண்ணெய் ஏறிவரும் குழாய், எரியும் சுவாலையை ஒட்டியே வளைந்து செல்லும். சுவாலை குழாயைச் சுடுகிறது, குழாயின் சூடு எண்ணெயை ஆவியாக்குகிறது, அந்த ஆவி சுவாலைக்குத் தீனியாகிறது. வெளியிலிருந்து எந்த உதவியும் வேண்டாம். இப்படித் தன் வெப்பத்தைக் கொண்டே தன்னைத் தொடர்ந்து நடத்திக்கொள்வதைத் தற்சூட்டு இயக்கம் என்று சொல்லலாம்.

முதல் சுவாலைக்கு முன்னால் மட்டும் இந்த ஏற்பாடு எதற்கும் உதவாது. ஆவி வரச் சூடு வேண்டும், சூடு வரச் சுவாலை வேண்டும், சுவாலை வர ஆவி வேண்டும். இந்த வட்டத்துக்குள் நுழைய ஒரு வழி தேவை. அந்த வழிதான் கிண்ணம். நாளில் இரண்டு நிமிடம் வேலை செய்யும் அந்தக் கிண்ணத்தை லிண்ட்க்விஸ்ட் வைக்காமல் விட்டிருந்தால், ஒருமுறைகூட எரியாத நல்ல அடுப்பு ஒன்று உலகுக்குக் கிடைத்திருக்கும்.

வேதி ஆலைகளை வடிவமைப்பவர்கள் பெரிய அளவில் செய்வதும் இதுதான். உள்ளே போகும் பொருளைச் சூடாக்க வேண்டும், வெளியே வரும் பொருளைக் குளிர்விக்க வேண்டும். இரண்டையும் ஒரு வெப்பமாற்றிக்குள் அடுத்தடுத்த குழாய்களில் எதிரெதிராக ஓடவிட்டால் வெளியேறுவதன் சூடு நுழைவதற்குப் போய்ச் சேரும். எரிபொருள் செலவு வெகுவாகக் குறையும். இன்றைய ஆலைகள் லாபத்தில் நடப்பதற்கு இந்தச் சூட்டுக் கொடுக்கல் வாங்கல் ஒரு முக்கியக் காரணம். தொடக்க நாளில் கைவிரிப்பதும் இதே ஏற்பாடுதான்: உள்ளே போவதைச் சூடாக்க, வெளியே சூடாக எதுவும் இன்னும் வரவில்லை.

நானூறு டிகிரியில் விழிக்கும் இரும்பு

யூரியா மூட்டை ஒவ்வொன்றுக்கும் பின்னால் அம்மோனியா இருக்கிறது. காற்றிலிருந்து நைட்ரஜனையும், இயற்கை எரிவாயு அல்லது நாஃப்தாவிலிருந்து ஹைட்ரஜனையும் எடுத்து, மிகுந்த அழுத்தத்தில் இரும்பு வினையூக்கியின் மேல் செலுத்தினால் இரண்டும் சேர்ந்து அம்மோனியா ஆகும். ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் இதைச் சிறு கருவியில் செய்து காட்டினார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலையாக வளர்த்தார். 1913இல் ஓப்பாவில் முதல் ஆலை ஓடியது. மணலியிலும் தூத்துக்குடியிலும் எழுந்த உர ஆலைகள் அந்த வம்சத்தில் வந்தவை.

இந்த வினை நடக்கும்போது வெப்பம் வெளிப்படும். ஆனால் நடக்கத் தொடங்குவதற்கே வெப்பம் தேவை. வாயு 350, 400 டிகிரி செல்சியஸை எட்டும்வரை இரும்பு உறங்கிக்கொண்டிருக்கும். எட்டிவிட்டால் வினை வேகம் பிடிக்கும், வாயு இன்னும் சூடாகி வெளியே வரும். அந்தச் சூட்டை வெப்பமாற்றி பிடித்து, உள்ளே வரும் குளிர்ந்த வாயுவுக்குக் கொடுக்கும். பம்ப் ஸ்டவ்வின் வளைந்த குழாய்தான் இங்கே பல மாடி உயர எஃகுக் கலமாக வளர்ந்து நிற்கிறது.

அதற்குரிய கிண்ணமும் உண்டு. அம்மோனியா ஆலைகளில் அதைத் தொடக்கச் சூடேற்றி என்று சொல்லலாம். ஆலைக்காரர்கள் 'ஸ்டார்ட்அப் ஹீட்டர்' என்பார்கள். எரிவாயுவை எரித்து, குழாய்களுக்குள் வரும் வாயுவைச் சுட்டுக் கலத்துக்கு அனுப்பும் தனி உலை அது. அதற்குக் கூடுதலாக ஒரு பொறுப்பும் இருக்கிறது. புதிய வினையூக்கியைப் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடாகவே நிரப்புகிறார்கள். ஹைட்ரஜன் கலந்த சூடான வாயு அதன் மேல் ஓடினால் ஆக்சிஜன் நீங்கிச் செயலூக்கமுள்ள இரும்பு கிடைக்கும். நீங்கும் ஆக்சிஜன் நீராவியாக வருகிறது. அந்த நீராவியே அப்போதுதான் உருவான இரும்பைக் கெடுக்கும். அதனால் வெப்பநிலையை மெல்ல மெல்ல ஏற்றி, நீராவி அளவு மீறாதபடி பார்த்துக்கொண்டு, நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் பல ஆண்டுகள் உழைக்க வேண்டிய வினையூக்கி முதல் வாரத்திலேயே நலிந்துவிடும்.

வரப்பின் இரு பக்கம்

சூடேற்றியை எப்போது அணைக்கலாம்? இந்தக் கேள்விக்கு 1953இல் டச்சுப் பொறியாளர் வான் ஹீர்டன் ஓர் அழகான விடை கண்டார். ஒரே கலம், ஒரே வாயு, ஒரே ஓட்டம். இவ்வளவும் மாறாமல் இருக்கும்போதே கலம் நிலைத்து நிற்கக்கூடிய நிலைகள் இரண்டு உண்டு என்று அவர் காட்டினார். ஒன்று, குளிர்ந்து கிடப்பது: வாயு வருகிறது, போகிறது, வினை ஏதும் நடப்பதில்லை. மற்றொன்று, சூடாக ஓடுவது. இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு நிலை கணக்கில் வரும். அங்கே வரவு வெப்பமும் செலவு வெப்பமும் சரியாக இருக்கும். ஆனாலும் கலம் அங்கே தரிக்காது.

இரண்டு வயலுக்கு நடுவே உள்ள வரப்பை நினைத்துக்கொள்ளலாம். தண்ணீர் இந்த வயலில் நிற்கும், அந்த வயலிலும் நிற்கும், வரப்பின் முகட்டில் நிற்காது. அங்கே ஊற்றினால் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ வழிந்துவிடும். ஆலையைத் தொடங்குவது என்பது தண்ணீரை இந்த வயலிலிருந்து இறைத்து வரப்பைத் தாண்டி அந்த வயலில் விடுவது. வரப்பைத் தாண்டும் வரைதான் சூடேற்றி வேண்டும். தாண்டுவதற்கு முன் அணைத்தால் கலம் தானாகவே பழைய குளிருக்குத் திரும்பிவிடும். தாண்டிய பிறகும் எரியவிட்டால் வெப்பம் கைமீறிப் போகலாம்.

ஓடுகிற ஆலையும் வரப்புக்கு வெகு தொலைவில் இல்லை. 1989இல் ஜெர்மனியில் ஓர் அம்மோனியா கலத்தில் அழுத்தம் குறைந்ததும் வெப்பநிலை ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஊசலாடத் தொடங்கியது. நார்வேயின் மோருட்டும் ஸ்கோகெஸ்டாடும் 1998இல் அதன் காரணத்தை விளக்கினார்கள். நுழைவாயிலில் ஏற்பட்ட மாறுதல் வினையூக்கிப் படுகையைக் கடந்து வெளிவாயிலுக்கு வரச் சில நிமிடம் ஆகிறது. வெளிவாயிலின் சூடு வெப்பமாற்றி வழியே மறுபடி நுழைவாயிலுக்கே வருகிறது. தாமதமாக வந்த செய்தி அடுத்த மாறுதலைப் பெரிதாக்குகிறது. செலவைக் குறைக்க வைத்த வெப்பமாற்றிதான் இந்த ஊசலுக்கும் காரணம்.

மின் நிலையங்களுக்கும் ஒரு வரப்பு உண்டு. நிலக்கரியை அரைக்க, காற்றை ஊத, கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்ற என்று எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு இந்திய மின்கட்டமைப்புகள் சரிந்து 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இருளில் ஆழ்ந்தபோது, அனல் மின் நிலையங்கள் தாமாக எழுந்திருக்க முடியவில்லை. மதகைத் திறந்தால் சுற்றத் தொடங்கும் நீர்மின் நிலையங்களும் பக்கத்து மின்கட்டமைப்புகளும் அவற்றுக்குக் கை கொடுக்க வேண்டியிருந்தது.

வரைபடத்தில் இல்லாத ஆலை

ஒரு வேதி ஆலையின் வரைபடத்தில் ஒவ்வொரு குழாயின் மேலும் எண்கள் இருக்கும்: இவ்வளவு ஓட்டம், இவ்வளவு வெப்பநிலை, இவ்வளவு அழுத்தம். அந்த எண்கள் எல்லாமே ஆலை சீராக ஓடும் நாளுக்கானவை. உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகி, எதுவும் கூடாமலும் குறையாமலும் இருக்கும் அந்த நிலையை நிலையோட்டம் என்று அழைக்கலாம். பம்பின் அளவு, வால்வின் அளவு, அளவுமானியின் வரம்பு எல்லாவற்றையும் நிலையோட்டத்தை வைத்தே தேர்ந்தெடுக்கிறார்கள்.

தொடக்க நாளில் அந்த எண்களில் ஒன்றுகூட உண்மையாக இருக்காது. குழாய்களில் காற்று இருக்கும். அதை நைட்ரஜனால் துரத்தாமல் எண்ணெயை விட்டால் வெடிக்கும் கலவை உருவாகும். ஏதோ ஒரு மூலையில் சோதனைக்கு விட்ட தண்ணீர் தேங்கியிருக்கும். சூடான எண்ணெய் அதைத் தொட்டால் தண்ணீர் ஒரு நொடியில் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேல் பருத்து ஆவியாகி, எண்ணெயைப் பிரிக்கும் டவருக்குள் இருக்கும் தட்டுகளைப் பெயர்த்து எறிந்துவிடும். எஃகும் வளரும். ஐம்பது மீட்டர் உயர டவர் நூறு டிகிரி சூடேறினால் சுமார் ஆறு சென்டிமீட்டர் நீளும். அதோடு இணைந்த குழாய்களும் சேர்ந்து நகர இடம் வேண்டும். முழு ஓட்டத்துக்கென்று வாங்கிய பெரிய வால்வு, பத்தில் ஒரு பங்கு ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும்போது மூடியும் மூடாமலும் தடுமாறும்.

ஓர் ஆலை ஆண்டில் சில நாட்கள்தான் இந்த நிலையில் இருக்கிறது. ஆனால் விபத்துகள் அந்தச் சில நாட்களில்தான் குவிகின்றன. சீரான ஓட்டத்தோடு ஒப்பிட்டால் தொடக்க நேரத்தில் விபத்து நேர்வது ஐந்து மடங்கு அதிகம் என்று அமெரிக்காவின் வேதிப் பாதுகாப்பு வாரியம் எச்சரித்திருக்கிறது. அந்த வாரியமே நுணுக்கமாக விசாரித்த ஒரு தொடக்கத்தை நிமிட வாரியாகப் பார்ப்பது பயன் தரும்.

டெக்சஸ் சிட்டி, 2005 மார்ச் 23

அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டியில் பிபி நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை. பெட்ரோலின் தரத்தை உயர்த்தும் ஒரு பிரிவு, பராமரிப்புக்காக ஒரு மாதம் நின்றிருந்தது. அதில் சுமார் ஐம்பது மீட்டர் உயரமும் நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த விட்டமும் கொண்ட ஒரு டவர். பெட்ரோல் போன்ற திரவக் கலவையைச் சூடாக்கி, இலேசானதை மேலேயும் கனமானதைக் கீழேயும் பிரிப்பது அதன் வேலை. சீராக ஓடும்போது அடியில் இரண்டு மீட்டர் அளவுக்குத்தான் திரவம் நிற்கும். மீதி உயரம் முழுக்க ஆவிக்கும் தட்டுகளுக்கும்.

அடியில் உள்ள திரவத்தை ஒரு பம்ப் எடுத்து உலைக்கு அனுப்பும். சூடான திரவம் மறுபடி டவருக்கே வரும். கொஞ்சம் திரவம் மட்டும் ஒரு வால்வு வழியாக வெளியேறிக் கிடங்குக்குப் போகும். போகிற வழியில் ஒரு வெப்பமாற்றியில் தன் சூட்டை, டவருக்குள் வரும் புதிய திரவத்துக்குக் கொடுத்துவிட்டுப் போகும். அந்த வெப்பமாற்றியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விடிவதற்கு முன்பே இரவு ஷிப்ட்காரர்கள் டவரின் அடியை நிரப்பினார்கள். அளவுமானி காட்டக்கூடிய உச்ச வரம்புக்கும் மேலேயே நிரப்பினார்கள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. தொடக்க நேரத்தில் மட்டம் சட்டென்று இறங்கி, உலைக்குப் போகும் ஓட்டம் அறுந்தால் உலையின் குழாய்கள் கருகிவிடும். அந்தப் பயத்தில் அந்த ஆலையில் பல தொடக்கங்களிலும் இப்படிக் கூடுதலாகவே நிரப்பி வந்தார்கள். எழுதிய நடைமுறை ஒன்று, நடந்துவந்த வழக்கம் மற்றொன்று. மட்டம் கூடிவிட்டது என்று ஓர் எச்சரிக்கை மணி அடித்தது. அதற்கும் மேலே அடிக்க வேண்டிய இரண்டாவது மணி பழுதாகியிருந்ததால் அடிக்கவில்லை. நிரப்புவதை நிறுத்திவிட்டு, அடுத்த ஷிப்டுக்குப் பதிவேட்டில் ஒரே ஒரு வரி எழுதப்பட்டது.

காலை 9:51க்குப் பகல் ஷிப்ட் மறுபடி திரவத்தை உள்ளே விட்டது. பத்து மணிவாக்கில் உலை பற்றவைக்கப்பட்டது. கனமான திரவம் வெளியேற வேண்டிய வால்வு மூடியே இருந்தது. மூன்று மணி நேரத்துக்கும் மேலாக டவருக்குள் திரவம் போனது. எதுவும் வெளியே வரவில்லை.

கிணற்று வாளியின் எடை

மட்டம் ஏறுவதைக் கண்ட்ரோல் ரூமில் இருந்தவர் ஏன் பார்க்கவில்லை? அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். திரையில் மட்டம் மெல்ல இறங்குவதாகத் தெரிந்தது.

அந்த அளவுமானி டவரின் அடியில் ஒன்றரை மீட்டர் இடைவெளியை மட்டுமே அளக்கக்கூடியது. பக்கத்துக் குழாய் ஒன்றில் ஓர் உலோக உருளை தொங்கும். திரவம் ஏற ஏற உருளை அதில் மூழ்கும். மூழ்கிய அளவுக்கு அதன் எடை குறைந்ததாகத் தோன்றும். அந்த எடைக் குறைவைத்தான் கருவி மட்டமாக மாற்றிக் காட்டும். கிணற்றில் வாளி இறைத்தவர்களுக்கு இது தெரியும். தண்ணீருக்குள் இருக்கும்வரை வாளி இலேசாக இருக்கும், மேலே வந்ததும் கனக்கும். ஆனால் முழுக்க மூழ்கிய வாளி, ஓரடி ஆழத்தில் இருந்தாலும் பத்தடி ஆழத்தில் இருந்தாலும் கயிற்றில் தெரியும் எடை ஒன்றுதான்.

டெக்சஸ் சிட்டியில் உருளை முழுக்க மூழ்கிவிட்டது. அதற்கு மேல் திரவம் நாற்பது மீட்டர் ஏறினாலும் கருவிக்குத் தெரியாது. இதற்குள் உலை திரவத்தைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. சூடான திரவத்தின் அடர்த்தி குறையும். அடர்த்தி குறைந்தால் உருளையை மேலே தாங்கும் விசையும் குறையும். உருளை சற்றுக் கனத்தது. கனத்தால் மட்டம் இறங்கியதாகத்தான் கருவி எடுத்துக்கொள்ளும். டவர் நிரம்ப நிரம்ப, மட்டம் ஏறக்குறைய முழு வரம்பிலிருந்து அதன் எண்பது விழுக்காட்டை நோக்கி இறங்குவதாகத் திரை நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இறங்கும் மட்டத்தைக் கண்டவருக்குக் கவலை வர வழியில்லை. கண்ணால் பார்ப்பதற்கென்று வைத்திருந்த கண்ணாடிக் குழாயோ அழுக்கேறி மங்கிக் கிடந்தது.

பிற்பகல் 1:04க்குத் திரை காட்டிய மட்டம் இரண்டரை மீட்டருக்கும் குறைவு. வாரியம் பின்னர் கணக்கிட்டபடி உண்மையில் இருந்தது 48 மீட்டர்.

திறந்ததும் பொங்கியது

அதற்குள் டவரில் அழுத்தம் ஏறியிருந்தது. ஏறும் திரவம் மேலே இருந்த வாயுவை நெருக்கியதால் வந்த அழுத்தம் அது. சூடு அதிகமாகிவிட்டது என்று எண்ணி ஆபரேட்டர்கள் உலையின் தீயைக் குறைத்தார்கள். ஒரு மணிக்குச் சற்று முன்பு, மூடியிருந்த வெளியேற்று வால்வையும் திறந்தார்கள். நிரம்பிய பாத்திரத்திலிருந்து திரவத்தை வெளியே விடுவது சரியான செயல்தான்.

இங்கேதான் அந்த வெப்பமாற்றி குறுக்கே வந்தது. மூன்று மணி நேரமாகச் சூடேறிய திரவம் சட்டென்று அதன் வழியே பாய்ந்தது. டவருக்குள் போய்க்கொண்டிருந்த புதிய திரவத்தின் வெப்பநிலை சில நிமிடங்களில் ஐம்பது டிகிரி அளவிலிருந்து நூற்றிருபதைத் தாண்டியது. ஏற்கெனவே உச்சி வரை நிரம்பியிருந்த டவருக்குள், கொதிக்கும் நிலையில் திரவம் நுழைந்தது. உள்ளே ஆவி பொங்கி, மேலிருந்த திரவத்தைத் தூக்கியது. பால் பொங்குவதுபோல் அது டவரின் உச்சியைத் தாண்டி, ஆவி போவதற்கான குழாய்க்குள் வழிந்தது.

அந்தக் குழாய் உச்சியிலிருந்து சுமார் 45 மீட்டர் கீழே இறங்கி வரும். பாதுகாப்பு வால்வுகள் அங்கேதான் இருந்தன. அவ்வளவு உயரத் திரவத்தின் எடை அவற்றின் மேல் ஏறியதும், செய்ய வேண்டியபடி அவை திறந்துகொண்டன. திறந்தவை திரவத்தைப் பழைய காலத்து ஒரு கலனுக்கு அனுப்பின. அந்தக் கலனின் புகைபோக்கி நேராக வானத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. எரித்து அழிக்கும் ஃபிளேர் கோபுரத்தோடு அதற்கு இணைப்பு இல்லை. புகைபோக்கியின் வாயிலிருந்து ஊற்றுபோல் கிளம்பிய திரவம் தரையில் கொட்டி, ஆவி மேகமாகப் பரவியது. அருகே என்ஜின் ஓடிக்கொண்டிருந்த ஒரு வண்டியால் மேகம் தீப்பற்றியிருக்கக்கூடும் என்பது வாரியத்தின் முடிவு. நேரம் ஏறக்குறைய 1:20. 15 பேர் இறந்தார்கள். 180 பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்கள், வேறொரு பராமரிப்பு வேலைக்காக அருகில் நிறுத்தியிருந்த தற்காலிக அலுவலக வண்டிகளிலும் அவற்றைச் சுற்றியும் இருந்தவர்கள். பக்கத்தில் ஒரு தொடக்க ஓட்டம் நடக்கிறது என்பதே அவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

கூட்டிக் கழித்துப் பார்த்திருந்தால்

2007 மார்ச்சில் வெளிவந்த வாரியத்தின் அறிக்கை, களைத்துப்போன ஊழியர்கள், குறைந்த ஆள்பலம், பராமரிப்பில் சிக்கனம் என்று பல காரணங்களை அடுக்குகிறது. சில ஆபரேட்டர்கள் ஏறக்குறைய ஒரு மாதமாக ஒருநாள்கூட ஓய்வின்றிப் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் வேலை செய்திருந்தார்கள். அவை அத்தனையும் முக்கியமானவை. ஆனால் வடிவமைப்பாளரின் மேசையில் முன்பே தீர்ந்திருக்கக்கூடிய ஒரு விஷயம் மற்றவற்றைவிட அதிகமாக உறுத்துகிறது.

அன்று டவருக்குள் போன ஓட்டம் நாளொன்றுக்குச் சுமார் 20,000 பீப்பாய். அதாவது மணிக்கு 130 கன மீட்டர். டவரின் ஒரு மீட்டர் உயரம் கொள்ளக்கூடியது சுமார் 11 கன மீட்டர். வெளியே எதுவும் போகாவிட்டால் மட்டம் மணிக்குப் பன்னிரண்டு மீட்டர் ஏறும். மூன்று மணி நேரத்தில் முப்பத்தாறு மீட்டர். முதலில் இருந்ததும், சூட்டில் விரிந்ததும், உள்ளிருந்த தட்டுகள் அடைத்த இடமும் சேர்ந்தால் உச்சி வந்துவிடும். எட்டாம் வகுப்புக் கணக்கு இது. ஆனால் உள்ளே போகும் ஓட்டம் ஒரு திரையிலும் வெளியே வரும் ஓட்டம் இன்னொரு திரையிலும் இருந்தன. இரண்டையும் கழித்து, உள்ளே எவ்வளவு சேர்கிறது என்று காட்டும் ஓர் எண் எந்தத் திரையிலும் இல்லை. மட்டம் மீறினால் உள்வரும் ஓட்டத்தைத் தானே நிறுத்தும் ஏற்பாடும் இல்லை.

சீரான ஓட்டத்தில் அந்த எண் தேவைப்படாது. எப்போதும் பூச்சியத்தையே காட்டும். தொடக்க நாளில் மட்டும் அதற்கு உயிர் வரும். ஒன்றரை மீட்டர் வரம்புள்ள அளவுமானியும் அப்படித்தான். நிலையோட்டத்துக்கு அது தாராளம், தொடக்கத்துக்கு அது குருடு.

தொடக்கத்தையும் மனதில் வைத்து ஆலையை வரைபவர்கள் வேறு விதமாக வேலை செய்கிறார்கள். முதலில் பாதையை எழுதுகிறார்கள்: வெறும் கலத்திலிருந்து முழு ஓட்டம் வரை எந்த வரிசையில், எந்த வேகத்தில் போவது. பாதை நெடுக, இளைப்பாறும் இடங்களைக் குறிக்கிறார்கள். ஏதாவது சந்தேகம் என்றால் ஆலை மணிக்கணக்கில் ஆபத்தில்லாமல் காத்திருக்கக்கூடிய இடங்கள் அவை. வடித்துப் பிரிக்கும் டவர்களுக்கு அப்படி ஓர் அருமையான இடம் உண்டு. உள்ளே எதையும் விடாமல், வெளியே எதையும் எடுக்காமல், மேலே போகும் ஆவியைக் குளிரவைத்து முழுவதையும் டவருக்கே திருப்பி அனுப்பலாம். டவர் தனக்குள்ளேயே சுற்றிக்கொண்டு, தட்டுகளைச் சூடாக்கிக்கொண்டு, பிரிப்பதை நிதானமாகக் கற்றுக்கொள்ளும். பிறகு மெல்லக் கதவைத் திறந்தால் போதும்.

அந்தப் பாதையில் எங்கே கிண்ணம் வேண்டும் என்று அடுத்துத் தேடுகிறார்கள். வெப்பமாற்றியைச் சுற்றிப் போக ஒரு மாற்றுக் குழாய் இருந்தால், சூட்டுக் கொடுக்கல் வாங்கலைத் தேவையானபோது துண்டிக்கலாம். பெரிய வால்வுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வால்வு இருந்தால் சிறிய ஓட்டத்தையும் கைக்குள் வைத்திருக்கலாம். தரத்துக்கு வராத முதல் உற்பத்தியைத் திருப்பி அனுப்ப ஒரு குழாய் இருந்தால் ஆலையை அரை வேகத்தில் சுற்றவிட்டுக்கொண்டே சரிசெய்யலாம். அடுத்த பிரிவு தயாராகும்வரை காத்திருக்க ஓர் இடைத் தொட்டி இருந்தால், ஒன்றின் தடுமாற்றம் மற்றொன்றைத் தொற்றாது. முடிவில், இதையெல்லாம் கணினியில் ஆலையைப் போலவே இயங்கும் ஒரு மாதிரியில் ஓட்டிப் பார்க்கிறார்கள். விமானிகள் தரையிலேயே புயலைப் பழகுவதைப்போல, ஆபரேட்டர்கள் எண்ணெய் வருவதற்கு முன்பே தொடக்கத்தைப் பழகிக்கொள்கிறார்கள்.

செலவைக் குறைக்கக் கூடும் கூட்டங்களில் முதலில் வெட்டுப்படுபவை இந்தப் பொருட்கள்தான். ஆண்டில் நான்கு நாள் பயன்படும் குழாய்க்கும் வால்வுக்கும் இவ்வளவு பணமா என்ற கேள்வி இயல்பாகவே எழும். அந்தக் கேள்விக்கு நிலையோட்ட வரைபடத்திலிருந்து பதில் எடுக்க முடியாது. தொடக்கப் பாதையை வரைந்து மேசையில் விரிப்பவரால்தான் அங்கே பேச முடியும். கட்டி முடித்த பிறகு கிண்ணத்தைச் சேர்ப்பதானால் எஃகை அறுக்க வேண்டியிருக்கும்.

அம்மோனியா ஆலையில் சூடேற்றியை அணைக்கும் வேளையும் காத்திருந்து பெறுவதுதான். கலத்தின் நுழைவாயில் வெப்பநிலை 350ஐத் தாண்டி மெல்ல ஏறும். முதல் படுகையின் அளவுமானி ஒன்று, மற்றவற்றைவிட ஓரிரு டிகிரி முந்தும். பிறகு ஐந்து டிகிரி, பத்து டிகிரி. இரும்பு விழித்துக்கொண்டது. கண்ட்ரோல் ரூமில் யாரோ ஒருவர் உலையின் எரிவாயுவைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, நுழைவாயிலின் எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார். அது இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் குறைப்பார். வெளிவரும் வாயுவின் சூடு வெப்பமாற்றிக்குள் வேலையைத் தொடங்கியிருக்கும். கடைசி பர்னரும் அணைந்ததும் அந்த உலை குளிரத் தொடங்கும். பக்கத்தில் கலம் தன் சூட்டில் ஓடிக்கொண்டிருக்க, அது அடுத்த தொடக்க நாள்வரை மழையிலும் வெயிலிலும் சும்மா நிற்கும்.